அரை நாலு

காலை ஆறரை மணி. இடுப்பில் துண்டோடு, இருட்டாக இருந்த குளியலறை வாசலில் நின்று, லிஃப்ட் மெக்கானிக் விளக்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"லிஹ்ட் ஆன்" என்றான். எரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னான். அப்போதும் இல்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைக் கால் மணி நேரத்தில் ஓடவைக்கிறவனை, சொந்த வீட்டில் ஒரு பல்பு மதிக்கவில்லை.

சமையலறையிலிருந்து அவன் அம்மா நிதானமாகக் குரல் கொடுத்தார். "முதல்ல ஹலோ சொல்லுப்பா. கூப்பிடாம பேச ஆரம்பிச்சா யாரு திரும்பிப் பார்ப்பாங்க?"

ஹலோ சொன்னான். எரிந்தது. ஹால் அலமாரி மேலிருந்த உருண்டை, "கெர்ன்" என்று பதில் மரியாதையும் செய்தது. மகிழ்ச்சியோடு செய்கிறேன் என்று அதற்குப் பொருள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இருப்பது மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக், அவன் மனைவி, அவன் அம்மா. மனைவிக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, உடைந்த பல்லுக்கு மேலே மாட்டும் பீங்கான் உறை செய்பவள். பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்து அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் லேபில் எல்லோருக்கும் அவள் கலரக்கா. கல்யாணப் பத்திரிகையில் அச்சான பெயரை வீட்டிலேயே யாரும் கூப்பிட்டு வெகுநாளாகிறது.

கலரக்கா செய்த முன்பற்களின் படங்களை ஜெர்மனியில் ஒரு லேப் பார்த்தது. வேலை தரலாம், ஆனால் அதற்கு முன் ஜெர்மனில் கால் மணி நேரம் பேச வேண்டும், ஆரம்பப் பாடம் தெரிந்தால் போதும் என்று எழுதியது. அது ஏழு வாரத்துக்கு முன். மாலை ஆறு வரை லேபில் இருப்பவளுக்கு வகுப்புக்குப் போக நேரம் ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்து யோசித்து, ஃப்ரிட்ஜ் வாங்கியபோது கூடவே வந்த அந்த உருண்டையை எடுத்தாள். சொன்னால் விளக்கைப் போடும், விசிறியைச் சுற்றும், அலாரம் வைக்கும். அதன் மொழியை ஜெர்மனுக்கு மாற்றினாள். எல்லா ஸ்விட்சின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, என்ன சொல்ல வேண்டும் என்று தமிழ் எழுத்தில் சீட்டு எழுதி வைத்தாள். இனி இந்த வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் வாய் திறக்க வேண்டும்.

முதல் வாரம் மூன்று பேரும் பாதி நேரம் இருட்டில் இருந்தார்கள். மாமியார்தான் முதலில் தேறினார். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த குரல் அது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். ஆன் என்றால் ஆன்தான், அணைக்கிறதுக்கு மட்டும் அவுஸ், பாதி பாஷை நம்ம வீட்டிலேயே இருந்திருக்கு என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

நடுவில் முட்டை விவகாரம் ஒன்று நடந்தது. பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைப்பதாக நினைத்துக் கலரக்கா ஐம்பது நிமிஷத்துக்கு வைத்துவிட்டாள். ஃபுன்ஃப்ட்சேன் என்றால் பதினைந்து, ஃபுன்ஃப்ட்சிஹ் என்றால் ஐம்பது. வாலில்தான் வித்தியாசம். தண்ணீர் வற்றி, முட்டைகள் வெடித்து, சமையலறைக் கூரை வரை மஞ்சள் கரு. துடைத்தவர் மாமியார். அன்றிலிருந்து அந்த இரண்டு எண்களை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

அந்தக் கால் மணி நேரப் பேச்சு இன்றைக்குத்தான்.

நேற்று மாலை ஜெர்மன் லேபின் தலைவி போனில் அவளையே கூப்பிட்டுவிட்டார். ஐந்து மணி என்று முன்பு எழுதியிருந்தோம், மன்னிக்கவும், உங்கள் ஊர் நேரப்படி ஹால்ப் ஃபியர் வசதிப்படுமா என்று கேட்டார். முழுவதும் ஜெர்மன். கலரக்காவுக்கு முழுவதும் புரிந்தது. போனை வைத்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஹால்ப் என்றால் அரை, ஃபியர் என்றால் நாலு, ஆக நாலரை மணி என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னாள். பெருமை தாங்காமல் அதை ஜெர்மனிலேயே, தமிழ் எழுத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள்: ஹால்ப் ஃபியர்.

காலையில் கிளம்பும்போது திட்டம் சொன்னாள். மூன்றரைக்கு லேபிலிருந்து பஸ் பிடித்தால் நாலுக்கு வீடு. முகம் கழுவ, மூச்சு வாங்க அரை மணி நேரம். கணவன் தலையாட்டினான். மாமியாரிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்தாள். பேச்சு ஆரம்பிக்கும் முன் உருண்டையின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஹலோ சொன்னால் இங்கே அது முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

மதியம் இரண்டே முக்காலுக்குத்தான் வினை வந்தது.

வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழக்கூடாது என்று ஹால் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, மாமியார் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று நினைத்தார். கண் அசந்துவிட்டால் வயரைப் பிடுங்க மறந்துபோகுமே என்று பயம். ஃப்ரிட்ஜில் இருந்ததை அப்படியே படித்து, ஹால்ப் ஃபியருக்கு அலாரம் வைக்கும்படி உருண்டையிடம் சொன்னார். அது அலாரம் வைத்துவிட்டு, வைத்த நேரத்தைத் திருப்பிச் சொன்னது.

ஃபுன்ஃப்ட்சேன் ஊர் ட்ரைசிஹ்.

மாமியார் படுக்கப் போனவர் நின்றார். ஃபுன்ஃப்ட்சேன் பதினைந்து. ஊர் என்றால் அவர்கள் பாஷையில் மணி. ட்ரைசிஹ் முப்பது என்று அரை மணி நேரம் எரியும் மாடிப்படி விளக்கின் சீட்டில் இருக்கிறது. பதினைந்து முப்பது. முப்பது வருஷம் இருபத்து நாலு மணிக் கடிகாரத்தில் ட்யூட்டி பார்த்தவருக்கு அதைக் கணக்குப் போடவே தேவையில்லை. மூன்றரை மணி.

உருண்டைக்குத்தான் காது மந்தமோ என்று நினைத்து மறுபடி சொல்லிப் பார்த்தார். மறுபடியும் பதினைந்து முப்பது. ஹால்ப் ஃபுன்ஃப், அதாவது அரை ஐந்து என்று மாற்றிக் கேட்டார். பதினாறு முப்பது என்றது, அதாவது நாலரை. அப்போதுதான் பொறி தட்டியது. அவர்கள் ஊரில் அரை நாலு என்றால் நாலுக்கு மேல் அரை இல்லை. நாலுக்குப் போகிற வழியில் அரை.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

மருமகளின் செல்போனுக்கு அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. பீங்கான் பொடி பறக்கும் அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது வெளியே அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். லேபின் எண்ணுக்கு அடித்தார். எங்கேஜ்ட். மறுபடி எங்கேஜ்ட். அந்த நாளில் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவசரமென்றால் இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே புகுந்து, மன்னிக்கணும், ஒரு நிமிஷம் லைனை விடுங்க என்று சொல்லியிருக்கிறார். இன்று அதே டொக் டொக் சத்தத்தை வெளியே நின்று கேட்க வேண்டியிருந்தது.

மகனுக்கு அடித்தார்.

அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காதில் மாட்டியிருந்த கருவியில் அம்மா மூன்றே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். ஆபரேட்டர்கள் அப்படித்தான், வளவளக்க மாட்டார்கள்.

"நாலரை இல்லப்பா, மூணரை. லேபுக்கு லைன் கிடைக்கல. நீ போய் அவளைக் கூட்டிட்டு வா."

அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் அப்படியே இறங்கி ஓடவும் இல்லை. பாதி வேலையில் விட்ட லிஃப்டில் யாராவது ஏறினால் உயிர் போகும். பெட்டியைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தான். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டான். பழுது பார்க்கிறோம் என்ற பலகையை மாட்டினான். காவலாளியிடம் ஐந்து மணிக்குத் திரும்புவேன், அதுவரை எல்லோரும் படியில் ஏறட்டும் என்றான். இவ்வளவும் செய்து பைக்கை உதைத்தபோது மூன்று மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

லேபில் கலரக்கா உலகத்தை மறந்திருந்தாள். எதிரே ஒரு முன்பல். பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் ஒரு படலம் ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். நிமிர்ந்தால் கணவன். தலையில் ஹெல்மெட், முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு. அவள் மனசு ஒரு நொடி எங்கெல்லாமோ போய் வந்தது. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

அவன் கண்ணாடிக்கு வெளியே மூன்று விரலைக் காட்டினான். பிறகு ஒரு விரலைப் பாதியாக மடித்துக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் முகத்தில் ரத்தமே இல்லை.

கையில் ஈரப் பீங்கான். இப்படியே விட்டால் காய்ந்து விரிசல் விடும், நாளைக்கு யாரோ ஒருவர் பல்லில்லாமல் உட்கார்ந்திருப்பார். மணி மூன்று பத்து. அவள் தூரிகையை வைக்கவில்லை. ஓரத்தை நேர்செய்தாள், உறையைத் தாங்கியில் ஏற்றி உலையில் வைத்தாள், பட்டனை அழுத்தினாள், வெந்ததும் எடுக்கும்படி பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னாள். இரண்டு நிமிஷம். அவன் வாசலில் நின்றபடி அந்த இரண்டு நிமிஷத்தையும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை தெரிந்தவனுக்கு வேலை தெரிந்தவளின் கை புரியும்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்ததும் அவள் வாய் தானாக ஓட ஆரம்பித்தது. என் பெயர் இது, என் வயது இது, நான் பல் செய்கிறேன், எனக்கு நீலம் பிடிக்கும், எனக்கு நாய் இல்லை. அத்தனையும் ஜெர்மனில், அத்தனையும் அவன் காதுக்குள். முதல் சிக்னலில் வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இரண்டாவது சிக்னலில் அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஏழு வாரம் படித்து ஒரு மணி கேட்கத் தெரியவில்லையே என்றாள்.

அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "அவசரமா பேசினா உருண்டைக்கே புரியாது. லைட் போடச் சொல்ற மாதிரி பேசு. நீ கேட்டு எந்த லைட்டு எரியாம இருந்திருக்கு?"

அவன் தோளைப் பிடித்திருந்த கை இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியது.

மூன்று இருபத்தெட்டுக்கு வீடு. மாமியார் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கம்ப்யூட்டர் தயாராக இருந்தது, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு ஈரத் துண்டு, ஒரு சீப்பு. கலரக்கா முகத்தைத் துடைத்தாள், தலையை ஒரு இழுப்பு இழுத்தாள், உட்கார்ந்தாள். தாயும் மகனும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

மூன்றரை. அலமாரியில் அலாரம் மெல்லச் சிணுங்கியது. மாமியார் ஓடிவந்து உருண்டையின் தலையில் தட்டி அதை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடினார். வயரைப் பிடுங்கவில்லை. அத்தனையும் நினைவு வைத்திருந்தவருக்கு, அது ஒன்று மட்டும் அந்த நொடியில் மறந்துபோனது.

திரையில் நரைத்த குட்டை முடியோடு ஓர் அம்மாள் தோன்றினார். வாயெல்லாம் சிரிப்பு. "ஹலோ" என்றார்.

அலமாரியில் உருண்டை விழித்துக்கொண்டது.

உங்கள் அறை ரொம்ப இருட்டாக இருக்கிறதே, கொஞ்சம் விளக்கைப் போடுங்களேன் என்று அந்த அம்மாள் ஜெர்மனில் கேட்டார். கலரக்கா எழுவதற்குள் ஹால் விளக்குகள் நான்கும் பளிச்சென்று எரிந்தன. உருண்டை மரியாதையாகக் "கெர்ன்" என்றது.

கதவுக்குப் பின்னால் மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் அந்த அம்மாள் விழித்தார். தான் சொல்லி எங்கோ ஒரு தேசத்தில் விளக்கு எரிவதை இதுவரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. யார் அது, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. யாரோ மறைந்திருந்து விடை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு.

கலரக்கா ஒரு மூச்சு இழுத்தாள். விளக்குப் போடச் சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள். "தாஸ் இஸ்ட் மைனே லேரரின்."

இதுதான் என் டீச்சர்.

கேமராவைத் திருப்பி உருண்டையைக் காட்டினாள். ஸ்விட்சுகளையும் அவற்றின் மேலிருந்த சீட்டுகளையும் காட்டினாள். இருக்கிற கொஞ்ச வார்த்தைகளைக் கோத்து, ஏழு வாரம், என் கணவர், என் அத்தை, எல்லோரும் ஜெர்மன், இல்லாவிட்டால் இருட்டு என்று சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். அதையும் மறைக்கவில்லை. நான் ஹால்ப் ஃபியரை நாலரை என்று நினைத்தேன், தப்பு, என் அத்தை கண்டுபிடித்தார், என் கணவர் பைக்கில் பறந்தார் என்றாள். வினைச்சொற்கள் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் உட்கார்ந்தன. ஆனால் கதை போய்ச் சேர்ந்தது.

பிறகு அந்த அம்மாளின் முகம் மாறியது. வேலை முகம். ஒரு முன்பல் உறையின் படத்தைத் திரையில் வைத்தார். எங்கள் லேபில் செய்தது, நோயாளி திருப்பி அனுப்பிவிட்டார், என்ன குறை என்று கேட்டார்.

கலரக்கா படத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சொல்வதற்குத்தான் வார்த்தை வேண்டும். ஒளி உள்ளே போய் வருவதைப் பற்றி, படலத்துக்குப் படலம் மாறும் சாயலைப் பற்றித் தமிழில் அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். ஜெர்மனில் அவளிடம் இருந்தவை நிறங்கள். ஏழு வாரமாக, சொன்ன நிறத்துக்கு மாறும் கலர் பல்பிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய நிறங்கள். கெல்ப் என்றால் மஞ்சள், ப்ளவ் என்றால் நீலம். க்ரவ் என்ற சாம்பலுக்கு மட்டும் பல்பால் முடியாது என்று உருண்டை மன்னிப்புக் கேட்டது. அதனாலேயே அது எல்லாவற்றையும் விட நன்றாக மனசில் நின்றது.

"ட்சு வைஸ்" என்றாள். ரொம்ப வெள்ளை. பல் வெள்ளை இல்லை. ஈறை ஒட்டிய கழுத்தில் மஞ்சள், நடுவில் கொஞ்சம் சாம்பல், நுனியில் நீலம் என்று படத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். கடைசியாக ஒரு வார்த்தையைத் தேடி எடுத்தாள். "டோட்." இந்தப் பல் செத்துவிட்டது.

அந்த அம்மாள் தலையைத் திருப்பி, பக்கத்தில் இருந்த யாரிடமோ அந்தக் கடைசி வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையசைத்தார்.

போவதற்கு முன் இன்னும் ஒன்று கேட்டார். சின்னக் கேள்வி. கலரக்கா சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "யா" என்றாள்.

திரை அணைந்தது. வீடு வெடித்தது. மாமியார் வந்து மருமகளின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கடிதம் வருமாம், வசந்த காலத்தில் வேலை ஆரம்பமாம் என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். போகிறதுக்குள் மணி கேட்கவாவது கற்றுக்கொண்டு போ என்று மாமியார் சீண்டினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினார்கள். செத்துப்போன பல்லைப் பற்றி அவன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். இந்த ஏழு வாரமும் அவன் வாயில் வராத சந்தோஷம் அது. போறோம், எங்கே தங்குறோம், அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்குமா என்று எல்லாமே அவன் பேச்சில் பன்மையில் இருந்தது.

ஐந்து மணிக்கு லிஃப்டைத் திறக்க வேண்டும். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பினான்.

"கடைசியா அந்தம்மா ஏதோ கேட்டாங்களே. நீ யான்னு சொன்னியே. அது என்ன?"

யா என்றால் ஆமாம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேள்வியில் இருந்த அலைன் என்ற வார்த்தை எந்த ஸ்விட்ச் மேலும் ஒட்டியிருக்கவில்லை.

"முதல் ரெண்டு வருஷம் தனியா வர முடியுமான்னு கேட்டாங்க" என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். அவளுக்காக அவனே ஒரு வழியைத் திறந்துவிட்டான். "பதட்டத்துல சரியா காதுல விழுந்திருக்காது. அரை நாலு மாதிரி."

அதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சாயங்காலம் சிரிப்பாகவே முடிந்திருக்கும்.

"இல்லங்க" என்றாள் கலரக்கா. "இது நல்லாவே புரிஞ்சுது."